வீட்டுக்கு ஃபைபர் நெட் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களும் செலவுகளும்

சென்ற ஆண்டு ஜூனில் பாளையங்கோட்டையில் வாடகை வீடு மாறினோம். நான் வீட்டிலிருந்தே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நெட் இல்லையென்றால் வகுப்பு இல்லை, வருமானமும் இல்லை. புது வீட்டில் இணைப்பு ஒழுங்காக நிற்பதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் எதற்கும் உதவாத ஒரு மோடத்துக்கு 1,850 ரூபாய் கொடுத்தேன். தேவைக்கு மிஞ்சிய பிளானுக்கு ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். முதல் இடைப்பருவத் தேர்வு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். எதிரில் இருந்தவர் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தயங்கினேன்.

அதனால் இங்கே சொற்களைத் தனி அகராதியாகத் தரவில்லை. இணைப்பு எடுக்கும் வரிசையிலேயே எந்த இடத்தில் எந்தச் சொல் வரும், அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன செலவாகும் என்று எழுதியிருக்கிறேன். நான் கொடுத்த விலைகள் எங்கள் ஊர் விலைகள். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

1. தெருவில் எந்த லைன் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

விளம்பரத்தைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே ஊரில் ஒரு நிறுவனம் நல்ல சேவை தரும் தெருவும் உண்டு, லைனே போகாத தெருவும் உண்டு. பக்கத்து வீட்டில் கேளுங்கள்: என்ன கனெக்‌ஷன், மழைக்காலத்தில் எத்தனை நாள் நின்றது, ஆளைக் கூப்பிட்டால் எப்போது வருகிறார்? இந்த மூன்று கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்த விளம்பரத்தையும் விட உதவும்.

இப்போது வீட்டுக்கு நெட் வரும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஃபைபர். தலைமுடி போன்ற கண்ணாடி இழை கறுப்பு வயருக்குள் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும், அதில் ஒளியாகத் தகவல் ஓடும். மற்றது ஏர்ஃபைபர். பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு இழை எதுவும் வராது. மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்து 5ஜி டவரிலிருந்து சிக்னல் எடுப்பார்கள். ஃபைபர் போகாத இடத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் மாத டேட்டா அளவு பல ஏர்ஃபைபர் பிளான்களில் 1000 ஜிபி. ஃபைபர் பிளான்களில் பொதுவாக 3300 ஜிபி. உங்கள் தெருவில் ஃபைபர் இருந்தால் ஃபைபரே எடுங்கள் என்பதுதான் என் கருத்து.

இனி பெட்டிகள். மோடம், ரவுட்டர், ஓஎன்டி, வைஃபை பாக்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். வேலையை வைத்துப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

வெளியிலிருந்து வரும் சிக்னலை வீட்டுக் கருவிகளுக்குப் புரியும்படி மாற்றுவது மோடத்தின் வேலை. ஃபைபரில் இந்த வேலையைச் செய்யும் பெட்டிக்கு ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்று பெயர். ஒளியை மின்குறியாக மாற்றுவது அதுதான். வந்த இணைப்பை வீட்டில் உள்ள போன், டிவி, கணினி எல்லாவற்றுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது ரவுட்டர். அந்தப் பங்கை வயர் இல்லாமல் காற்றில் அனுப்புவது வைஃபை. பெரிய நிறுவனங்கள் இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் தருகின்றன. உள்ளூர் கேபிள்காரர் வழியாக எடுத்தால் சில இடங்களில் ஓஎன்யு மட்டும் தருவார்கள், ரவுட்டரை நீங்கள்தான் வாங்க வேண்டும். இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நான் ஏமாந்தது இங்கேதான். “ரவுட்டர் நீங்க வாங்கிக்கோங்க” என்றார்கள். கடையில் “மோடம் ரவுட்டர்” என்று எழுதியிருந்த பெட்டியை வாங்கி வந்தேன். அது பழைய டெலிபோன் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்புக்கானது. பின்புறம் டெலிபோன் வயர் செருகும் சின்னத் துளை இருந்தது. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் லேன் வயரைச் செருக ‘வேன்’ (WAN) என்று எழுதிய துளை இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் வாங்கப் போகும்போது பின்புறப் படத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து இணைப்பு வரும் வேன் துளை ஒன்று தனி நிறத்திலும், வீட்டுக் கருவிகளை வயரில் இணைக்கும் லேன் (LAN) துளைகள் இரண்டு மூன்றும் இருக்க வேண்டும். ‘டூயல் பேண்ட்’, ‘கிகாபிட்’ என்ற இரண்டு சொல்லும் அட்டையில் இருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2. பிளான் அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது எம்பிபிஎஸ். நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது அதன் பொருள். நாம் கோப்புகளை அளப்பது எம்பியில், அதாவது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு இறங்குவது 12.5 எம்பி. 1 ஜிபி படத்தை இறக்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். “100 என்றார்கள், கணினியில் 11, 12தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்” என்று சண்டைக்குப் போகும் முன் எட்டால் வகுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் சின்ன பி போட்டிருந்தால் பிட், பெரிய பி போட்டிருந்தால் பைட்.

அடுத்தது டவுன்லோடு, அப்லோடு. கீழே இறங்கும் வேகம் ஒன்று, நம்மிடமிருந்து மேலே ஏறும் வேகம் வேறொன்று. விற்பவர் சொல்வது பெரும்பாலும் முதலாவதை. வீட்டிலிருந்து வகுப்பு எடுப்பவர், வீடியோ ஏற்றுபவர், சிசிடிவி வைத்திருப்பவர் எல்லோரும் இரண்டாவதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சில பிளான்களில் இரண்டும் சமம், சிலவற்றில் அப்லோடு பாதிக்கும் கீழே.

எவ்வளவு வேகம் போதும்? என்னிடம் பிளான் விற்றவர், “நாற்பது பிள்ளைங்க பார்க்கிறாங்கன்னா 300 எடுங்க மேடம்” என்றார். நானும் எடுத்தேன். நாற்பது பேர் பார்த்தாலும் என் வீட்டிலிருந்து மேலே போவது ஒரே வீடியோதான். அதை நாற்பது பேருக்கும் பிரித்து அனுப்புவது அந்தச் செயலியின் சர்வர். தெளிவான ஒரு வீடியோ வகுப்புக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் அப்லோடு போதும். நெட்ஃபிளிக்ஸில் ஃபுல் எச்டி படத்துக்கு 5, மிக உயர்ந்த 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். நால்வர் உள்ள வீட்டில் ஒருவர் வகுப்பு, ஒருவர் 4கே படம், இருவர் போன் என்று கூட்டிப் பார்த்தாலும் 50 தாண்டாது. 100 எம்பிபிஎஸ் தாராளம்.

விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வரும். 499 என்று போட்டிருந்தால் கட்டுவது 588 ரூபாய் 82 காசு. 599 என்றால் 706 ரூபாய் 82 காசு. நான் 999 ரூபாய் பிளானை ஆறு மாதத்துக்கு எடுத்து 7,072 ரூபாய் 92 காசு கட்டினேன். அதே நிறுவனத்தின் 599 ரூபாய் பிளான் எனக்குப் போதும். 2,832 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்கு அருகில் சின்ன எழுத்தில் எஃப்யூபி என்று இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவோம் என்பது அதன் பொருள். அந்த அளவு 3300 ஜிபியாக இருந்தால் சாதாரண வீட்டுக்குக் கவலையில்லை. சில உள்ளூர் பிளான்களில் 300, 500 ஜிபி என்று இருக்கும். எவ்வளவு ஜிபிக்குப் பிறகு, என்ன வேகத்துக்கு என்று இரண்டையும் கேளுங்கள். 2 எம்பிபிஎஸ் என்றால் படம் நின்று நின்றுதான் ஓடும்.

3. ஆவணங்கள், பணம், நாள்

ஆதார், ஒரு புகைப்படம், ஓடிபி வரும் மொபைல் எண். சொந்த வீட்டுக்காரருக்கு இதுவே பெரும்பாலும் போதும். ஆதாரில் பழைய முகவரி இருந்தால்தான் அலைச்சல். வாடகை ஒப்பந்தத்தின் நகல், வீட்டுக்காரர் பெயரில் உள்ள கடைசி ஈபி பில், இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் கதவு எண் பழைய எண்ணாக இருந்தது, ஈபி பில்லில் புதிய எண். அந்த ஒன்றுக்காக விண்ணப்பம் நான்கு நாள் நின்றது. கொடுக்கும் முன் எல்லாத் தாளிலும் கதவு எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஆதார் நகலை வாட்ஸப்பில் அப்படியே அனுப்பாதீர்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் முதல் 8 இலக்கங்களை மறைத்த நகல் இலவசமாகக் கிடைக்கிறது, முதலில் அதைக் கொடுத்துப் பாருங்கள். காகித நகல்தான் வேண்டும் என்றால் “இணைய இணைப்புக்காக மட்டும்” என்று தேதியுடன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓடிபி கேட்டால் அந்தக் குறுஞ்செய்தி முழுவதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் இருக்கின்றன என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம், ஆவணம் கொடுத்த ஒரு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

வாடகை வீடென்றால் துளை போடுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எங்கள் அண்ணாச்சி நல்ல மனிதர்தான். ஆனால் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் டெக்னீஷியன் டிரில்லைத் தூக்கியதும் கோபம் வந்துவிட்டது, வந்த ஆட்கள் திரும்பிப் போனார்கள். மறுபடி வர ஆறு நாள். ஏசிக்காகவோ கேபிள் டிவிக்காகவோ போட்ட துளை ஏற்கெனவே இருக்கும், அதன் வழியாக எடுக்கச் சொல்லலாம்.

பணத்தில் மூன்று தலைப்பு உண்டு: இன்ஸ்டலேஷன், திரும்பக் கிடைக்கும் டெபாசிட், மாதக் கட்டணம். “எல்லாம் சேர்த்து 2,500” என்று சொன்னால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். டெபாசிட் என்று ரசீதில் எழுதியிருந்தால்தான் பின்னால் திரும்பக் கேட்க முடியும். ரசீதில் நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். கேபிள்காரர் கையில் பணம் வாங்கிக்கொண்டு வெறும் நோட்டில் குறித்துக்கொண்டால் நாளைக்குப் புகார் செய்ய உங்களிடம் எதுவும் இருக்காது. முதல் மாதத்தை மாதப் பிளானாகவே எடுங்கள். ஓடிப் பார்த்துத் திருப்தி வந்த பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று கட்டிச் சலுகையை வாங்கிக்கொள்ளலாம்.

நாள் கணக்கு: தெருவில் லைன் இருந்தால் விண்ணப்பித்த மறுநாளே வந்துவிடுவார்கள், ஒரு வாரம் வரை போகலாம். கம்பத்திலிருந்து புதிதாக இழுக்க வேண்டுமென்றால் இரண்டு வாரம். வீடு மாறுபவர்கள் பழைய இணைப்பைப் புது இணைப்பு ஓடிய பிறகே நிறுத்துங்கள்.

4. டெக்னீஷியன் வரும் நாள்

இந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் அடுத்த இரண்டு வருட நிம்மதிக்கு அடிப்படை. வேலைக்குப் போகிறவர் என்றாலும் அரை நாள் விடுப்பு எடுத்துவிடுங்கள்.

பெட்டி எங்கே உட்காரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவர்களுக்கு வாசலுக்குப் பக்கத்தில் முடித்தால் வேலை சுலபம். உங்களுக்கு வீட்டின் நடுவில் வேண்டும். அதற்கு ஐந்து பத்து மீட்டர் வயர் கூடுதலாகும், கேட்டால் செய்து தருவார்கள்.

ஃபைபர் வயரை மடிக்கக்கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி. சுவர் மூலையில் செங்குத்தாக மடித்து ஆணி அடித்தால் ஒளி கசியும். ஒரு டம்ளர் வாயளவுக்காவது வளைவு இருக்க வேண்டும். மீதி வயரைச் சின்னதாகச் சுருட்டிக் கட்டாமல் பெரிய வட்டமாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். முனையை விரலால் தொடாதீர்கள், ஒட்டும் தூசியே சிக்னலைக் கெடுக்கும். எரிகிறதா என்று முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்காதீர்கள். பெட்டியில் செருகும் தலை பெரும்பாலும் பச்சை நிறம், அது சாய்வாகத் தேய்த்த முனை. நீல நிறம் நேரான முனை. பச்சைத் துளையில் நீலத்தை மாற்றிச் செருகினால் சிக்னல் விழுந்துவிடும்.

வயர் வந்ததும் பவர் மீட்டர் என்ற சின்னக் கருவியில் செருகிப் பார்ப்பார்கள். எண் மைனஸில் வரும். அலகு டிபிஎம், ஆனால் எல்லோரும் “பவர் எவ்வளவு” என்றுதான் கேட்பார்கள். மைனஸ் 20 என்பது மைனஸ் 26ஐ விட நல்லது. மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் மூன்று கூடினால் வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 15 முதல் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்றைக்கு ஓடும், மழை பெய்தால் நிற்கும். எங்கள் வீட்டில் முதல்முறை யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. நெட் விட்டு விட்டு வந்தது. ஐந்தாவது வாரம் வந்த தம்பிதான் மீட்டரைப் போட்டுப் பார்த்து, “அக்கா, மைனஸ் இருபத்தெட்டு காட்டுது, கம்பத்துல ஜாயின்ட் சரியில்ல” என்று இருபது நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தான். மைனஸ் 21க்கு வந்தது. அதோடு தொல்லை தீர்ந்தது. மீட்டரில் வரும் எண்ணை போனில் படம் எடுத்து வையுங்கள்.

அவர் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியவை: கணக்கு எண், பெட்டியின் சீரியல் எண், வைஃபை பெயரும் பாஸ்வேர்டும், பெட்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு, பிபிபிஓஇ யூசர்நேம் பாஸ்வேர்டு. கடைசியாகச் சொன்னது உங்கள் பெட்டி நிறுவனத்தின் சர்வரில் போய்த் தன்னை அடையாளம் காட்டும் பெயர். எல்லா நிறுவனத்திலும் அது இருக்காது. உங்கள் இணைப்பு எந்த வகை என்று கேளுங்கள், இருந்தால் வாங்காமல் விடாதீர்கள். சொந்த ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: “மேக் பைண்டிங் இருக்கா?” மேக் என்பது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள 12 எழுத்து அடையாளம், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அதை நிறுவனம் பதிவு செய்து வைத்திருந்தால், நாளைக்கு நீங்கள் ரவுட்டரை மாற்றும்போது அவர்களிடம் சொல்லிப் புது எண்ணைப் பதியாமல் நெட் வராது.

கரண்ட் விஷயத்தையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் பெட்டிக்குக் கரண்ட் தரும் சின்ன பேட்டரியான ஒரு மினி யூபிஎஸ் போதும், நான் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் யூபிஎஸ்ஸிலும் அப்படியே இருக்க வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. தனி ஓஎன்யுவும் ரவுட்டரும் இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். கம்பத்தில் உள்ள ஃபைபர் பிரிப்பானுக்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகக் கருவிக்குத் தேவை. “கரண்ட் போனா உங்க பக்கம் எவ்வளவு நேரம் நிக்கும்?” என்று கேட்டுவிட்டு யூபிஎஸ் வாங்குங்கள்.

5. விளக்குகள் சொல்வது

பெட்டியில் பவர் விளக்கு எரிய வேண்டும். பான் (PON) என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரிந்தால் ஒளி நன்றாக வருகிறது. எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கைப் பேச்சில் “லாஸ்” என்பார்கள். அது சிவப்பாக மினுக்கினால் வெளியே வயர் அறுந்திருக்கிறது, அல்லது பெட்டியில் செருகியது தளர்ந்திருக்கிறது. இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பாகவோ அணைந்தோ இருந்தால் வயர் சரி, கணக்கில் பிரச்சினை. பணம் கட்டத் தவறியிருக்கலாம், அல்லது பிபிபிஓஇ போயிருக்கலாம்.

போனில் வைஃபை கோடுகள் முழுதாக இருப்பதால் நெட் இருக்கிறது என்று பொருளில்லை. அந்தக் கோடுகள் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் உள்ள சில மீட்டரை மட்டுமே சொல்கின்றன. தெருவில் வயர் அறுந்து கிடந்தாலும் கோடு முழுதாகத்தான் காட்டும்.

6. வைஃபை

பெட்டியில் இரண்டு வைஃபை பெயர் தெரியும், ஒன்றின் பின்னால் 5ஜி என்று இருக்கும். அது மொபைல் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 5ஜி போன் இல்லாதவர்களும் அதில் சேரலாம். எங்கள் மாமியார் “என் போன் 4ஜிதானே” என்று மாதக்கணக்கில் அதைத் தொடவே இல்லை. இன்னொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இது சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் ஒரு கனமான சுவர் வந்தாலே தளர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5, கொல்லைப்புறத்துக்கும் மாடிக்கும் 2.4. இரண்டும் உள்ள பெட்டிதான் டூயல் பேண்ட். 2.4 மட்டும் உள்ள பழைய ரவுட்டரில் 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டு நான் 40தான் பார்த்தேன்.

பெட்டியை பீரோவுக்குப் பின்னாலோ, டிவிக்குப் பின்னாலோ, பரண் மேல் பாத்திரங்களுக்கு நடுவிலோ வைக்காதீர்கள். இரும்பு அலையைத் தடுத்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 தடுமாறும். தோள் உயரத்தில், திறந்த அலமாரியில் வைப்பது நல்லது.

பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும், உங்கள் மொபைல் எண்ணை வைக்காதீர்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள். பெட்டிக்குள் நுழைய உலாவியில் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும், சில பெட்டிகளில் கடைசி இரண்டு எண் மாறும், அடியில் ஒட்டியிருக்கும். அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ‘கெஸ்ட்’ வைஃபை தனியாக வைக்கலாம். உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை உங்கள் பெயரில் உள்ள கணக்கைத் தேடித்தான் வரும்.

7. மெதுவாக இருந்தால், லைனா கணினியா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் புகார் செய்தால் “உங்க சிஸ்டம் ஸ்லோ” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். லேன் வயரைக் கணினியில் நேராகச் செருகுங்கள், மற்றவர்களின் போன் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியோ ஸ்பீடு டெஸ்ட் தளமோ வைத்து அளந்து பாருங்கள். காலை, மதியம், இரவு 9 மணி என்று மூன்று வேளை அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிங் என்ற எண் மில்லிநொடியில் வரும், குறைவாக இருந்தால் நல்லது. நம் பேச்சு மறுமுனைக்குத் தாமதமாகப் போவது பிங் கூடுவதால்தான், எம்பிபிஎஸ் குறைவதால் அல்ல.

வயரில் 93, 94க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் துளை தடுக்கிறது. பழைய ரவுட்டர், பழைய மடிக்கணினி, அல்லது லேன் வயருக்குள் இருக்கும் 8 கம்பியில் ஒன்று விட்டுப்போயிருக்கும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நான்கு போதும். ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்று அச்சிட்ட வயரை மாற்றிப் பாருங்கள். அட்டையில் கிகாபிட் என்ற சொல்லைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

வயரில் வேகம் சரி, ஆனாலும் வகுப்பு திக்குகிறது என்றால் கணினியைப் பாருங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்பது ரேம், கணினி இப்போது வேலை பார்க்கும் மேசை. ஸ்டோரேஜ் என்பது பொருட்களை எடுத்து வைக்கும் அலமாரி. 512 ஜிபி இருக்கிறதே என்று நினைப்பது அலமாரியை. ரேம் 4 ஜிபியாக இருந்து 90 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருந்தால் எந்த பிளான் மாற்றினாலும் பயனில்லை. ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நின்றால், சுழலும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சுழலாத புது வகையான எஸ்எஸ்டி போட்டால் கணினிக்கு மறுபிறவி.

இன்னொரு வகை உண்டு. வாட்ஸப் வருகிறது, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை. இது டிஎன்எஸ் கோளாறு. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் முகவரிப் புத்தகம். போன் அல்லது கணினி அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள்.

8. புகார் செய்யும்போது

ரீஸ்டார்ட், ரீசெட் இரண்டும் ஒன்றில்லை. நான் இரண்டு நாள் வகுப்பை இழந்தது இதனால்தான். வாடிக்கையாளர் சேவையில் “ரீசெட் பண்ணுங்க” என்றார்கள். நான் ஊசியால் பெட்டியின் பின்புறச் சின்னத் துளையை அழுத்தினேன். பிபிபிஓஇ உட்பட எல்லா அமைப்பும் அழிந்துவிட்டது. திரும்பப் போட ஆள் வர இரண்டு நாள் ஆனது. ரீஸ்டார்ட் என்பது சுவிட்சை அணைத்து 30 நொடி கழித்துப் போடுவது. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ஊசித் துளையை நீங்களாகத் தொடாதீர்கள்.

அழைக்கும்போது “நெட் வரல” என்று மட்டும் சொல்லாமல், “லாஸ் லைட் சிவப்பா மினுக்குது, ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, இன்ஸ்டால் பண்ணப்போ பவர் மைனஸ் 21” என்று சொல்லுங்கள். நேராக லைன் பார்க்கும் ஆளுக்குப் போகும். டாக்கெட் எண் என்ற புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஆள் வராமலேயே ‘முடிந்தது’ என்று குறுஞ்செய்தி வந்தால் அன்றே மறுபடி அழைத்து, பழைய எண்ணைச் சொல்லிப் புது எண் வாங்குங்கள்.

அப்படியும் தீராவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு, முகவரி அவர்கள் இணையதளத்தில் இருக்கும். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கு டாக்கெட் எண் கட்டாயம். டிராய்க்கே நேராக எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் பதியலாம்.

9. காலி செய்யும்போது

பில் சுழற்சி முடிய பத்து நாள் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். செயலியில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், போஸ்ட்பெய்ட் என்றால் பில் ஏறிக்கொண்டே போகும். பெட்டியோடு அடாப்டரையும் திருப்பிக் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். டெபாசிட் வரும் வங்கிக் கணக்கையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ரசீதைப் படம் எடுத்து, முதல் நாள் எழுதி வாங்கிய அந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள். எனக்கு டெபாசிட் இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகு வந்தது, அதற்கு அவர்கள் கேட்டது அந்த சீரியல் எண்ணை மட்டும்தான்.